சுவரை மூடும் முன்

கலிஃபோர்னியாவில் நாங்கள் வாங்கிய வீடு 1964-இல் கட்டப்பட்டது. அதன் இரண்டு குளியலறைகளில் ஒன்றை 2017-இல் புதுப்பித்தோம். வேலை மூன்றே வாரங்களில் முடிந்தது. பார்ப்பதற்கு மிக அழகாகவும் இருந்தது. பதினெட்டு மாதங்கள் கழித்து, குளியலறைக்கு மறுபுறம் இருந்த படுக்கையறை அலமாரியில் தொங்கிய துணிகளில் பூஞ்சை வாடை வீசத் தொடங்கியது. சுவரின் அடியில் ஓடும் பேஸ்போர்டு உப்பிப் பிளந்தது. ஷவர் பக்கத்து டைல்களை உடைத்துப் பார்த்தபோது, அவற்றுக்குப் பின்னால் நீர்காப்புப் படலம் எதுவுமே இல்லை என்பது தெரிந்தது. வரவேற்பறைச் சுவருக்குப் போடும் சாதாரண டிரைவால் பலகையின் மேலேயே டைல் ஒட்டப்பட்டிருந்தது. டைல்களுக்கிடையே பூசும் கிரவுட் நீரை முழுவதும் தடுப்பதில்லை. அதன் வழியே நாள்தோறும் இறங்கிய நீரைப் பலகை உறிஞ்ச, பலகையிலிருந்து மரச்சட்டங்கள் உறிஞ்ச, ஒன்றரை ஆண்டில் அவை கறுத்துப்போயிருந்தன. ஒரு சட்டத்தை நான் விரலால் அழுத்தியபோது அது நனைந்த அட்டையைப்போல உள்ளே அமுங்கியது.

அந்த வேலையைச் செய்தவரை எனக்குப் பரிந்துரைத்தவர் அலுவலக நண்பர் ஒருவர். "நல்ல மனிதர், வேலை சுத்தமாக இருக்கும், மற்றவர்கள் கேட்பதில் பாதிதான் கேட்பார்" என்றார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. மொத்தம் 11,500 டாலர் என்று பேசி, 5,000 டாலரை முன்பணமாகக் கொடுத்தேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. தொகையைக் குறிப்பிடும் இரண்டு குறுஞ்செய்திகள்தாம் இருந்தன. நகர நிர்வாகத்திடம் பெர்மிட் வாங்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு உள்ளே செய்கிற வேலைதானே, தேவையில்லை" என்றார், நம்பினேன். உரிமம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. அவருக்கு உரிமம் இருந்ததில்லை என்பது கசிவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அவருடைய தொலைபேசி எண் செயலற்றுப் போயிருந்தது. நீண்ட நாள் சிறுகச் சிறுகக் கசிந்த நீரால் வந்த சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று காப்பீட்டு நிறுவனமும் எழுதிவிட்டது.

இதைப் பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் திறமையற்றவர் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. டைல்களை அவர் வரிசை பிசகாமல்தான் ஒட்டியிருந்தார். அந்தச் சுவரை மூடும் முன் அவரைத் தவிர வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் எவருக்கும் இருக்கவில்லை என்பதே நடந்ததன் வேர். வீட்டு வேலையில் பெரும்பகுதி கடைசியில் மறைந்துபோகிறது. குழாய், மின்கம்பி, நீர்காப்பு, சட்டங்களை இணைக்கும் ஆணி எல்லாம் சுவருக்குள் போய்விட, வீட்டுக்காரர் கண்ணுக்கு எஞ்சுவது மேல்தோல் ஒன்றுதான். உரிமம், பெர்மிட், காப்பீடு, எழுத்து ஒப்பந்தம் ஆகிய அனைத்தும், மறையப்போகும் அந்த வேலைக்கு விடை சொல்ல ஒருவரை நிறுத்தும் ஏற்பாடுகள். 2025-இல் இரண்டாவது குளியலறையைப் புதுப்பித்தபோது உரிமம் பெற்ற பொது ஒப்பந்ததாரர் ஒருவரை அமர்த்தினோம். இடைப்பட்ட ஆண்டுகளில் படித்துத் தெரிந்துகொண்டதையும் அந்த வேலையில் நேரில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பொது ஒப்பந்ததாரர் என்பவர் முழு வேலையையும் தம் பொறுப்பில் ஏற்பவர். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், டைல் ஒட்டுபவர் ஆகியோர் அவருக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர்களாக வருவார்கள்; வீட்டுக்காரருக்கு ஒப்பந்தம் அவர் ஒருவரோடுதான். குழாயின் திருகு கசிந்தால் பிளம்பர் போதும். மூன்று நான்கு தொழில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வேலையில், பின்னால் வருபவரின் வேலை முன்னால் வந்தவரின் வேலையை மூடிக்கொண்டே போகும். எது எப்போது முடிய வேண்டும், யார் பார்த்த பிறகு யார் மூடலாம் என்ற வரிசையைக் காப்பதற்காகத்தான் அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறோம்.

அமெரிக்காவில் இந்த உரிமத்தை மத்திய அரசு வழங்குவதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். டெக்சாஸில் எலெக்ட்ரீஷியனுக்கும் பிளம்பருக்கும் மாநில உரிமம் உண்டு, பொது ஒப்பந்ததாரருக்கு இல்லை. ஃபுளோரிடாவில் வீடுகளுக்கென்றே தனி வகை உண்டு. அந்த உரிமம் உள்ளவர் மூன்று குடும்பங்கள் வரை வாழும் சிறிய வீடுகளை மட்டும் கட்டலாம். வட கரோலினாவில் 40,000 டாலரும் அதற்கு மேலும் ஆகும் வேலைக்கு மாநில உரிமம் வேண்டும். 2023 வரை இந்த எல்லை 30,000 டாலராக இருந்தது. அரிசோனாவில், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரால் பாதிக்கப்பட்ட வீட்டுக்காரருக்கு இழப்பைத் தருவதற்காக ஒரு நிதியே இருக்கிறது. உரிமமில்லாதவரை அமர்த்தியவருக்கு அதன் கதவு திறக்காது. ஆகவே வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் கீழே நான் தரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தங்கள் மாநிலத்தில் அவற்றுக்கு இணையானவை எவை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கலிஃபோர்னியாவில் ஒப்பந்ததாரர் உரிம வாரியம் 1929 முதல் இயங்குகிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட உரிமப் பிரிவுகள் அதில் உள்ளன. 'பி' பிரிவு என்பது பொதுக் கட்டட ஒப்பந்ததாரருக்குரியது. 'சி' என்று தொடங்குபவை மின்வேலை, குழாய்வேலை, கூரை, டைல் போன்ற தனித் தொழில்களுக்குரியவை. 'பி-2' என்னும் பிரிவு 2021-இல் புதிதாக வந்தது. ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் புதுப்பிக்க மட்டும் அது உரிமை தருகிறது. பாரம் தாங்கும் சுவரையோ உத்தரத்தையோ தொட அனுமதி தருவதில்லை. 'பி' உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் முந்தைய பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது நான்கு ஆண்டுகள் அந்தத் தொழிலில் தேர்ந்த நிலையில் வேலை செய்திருக்க வேண்டும், கைரேகைச் சோதனைக்கு உட்பட வேண்டும், தொழிலறிவுத் தேர்வும் சட்டமும் வணிகமும் பற்றிய தேர்வும் எழுத வேண்டும். இவற்றில் தேறியவர் எல்லாரும் நேர்மையானவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இழப்பதற்கு அவரிடம் ஒன்று இருக்கிறது. எனக்கு முதலில் வாய்த்தவரிடம் அது இல்லை.

சின்னஞ்சிறு வேலைகளுக்கு உரிமம் தேவையில்லை. பொருளும் கூலியும் சேர்ந்து 500 டாலருக்குக் குறைவான வேலை என்று நெடுங்காலம் இருந்த எல்லை, 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலராக உயர்ந்தது. அப்போதும் அந்த வேலைக்குப் பெர்மிட் தேவைப்படக் கூடாது, செய்பவர் கூலிக்கு ஆள் வைத்திருக்கவும் கூடாது. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி இந்த எல்லைக்குள் கொண்டுவருவதும் சட்டப்படி செல்லாது. எனக்கு மிகவும் தாமதமாகத் தெரியவந்த இன்னொரு விதியும் உண்டு: உரிமம் தேவைப்படும் வேலையை உரிமமின்றிச் செய்தவர் கூலி கேட்டு வழக்குப் போட முடியாது; அதோடு, அவருக்குக் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பித் தருமாறு வீட்டுக்காரர் வழக்குத் தொடரலாம். ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவருக்கு அந்த விதியால் என்ன பயன் என்று நான் மனம் வெதும்பியது உண்மை.

உரிம எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் அந்த எண் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதை வாரியத்தின் இணையதளத்தில் இட்டால் ஒரு பக்கம் திறக்கும். பெரும்பாலோர் அங்கே 'செயலில் உள்ளது' என்னும் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே உள்ள வரிகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். உரிமம் யார் பெயரில் இருக்கிறது, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு பெற்றது, நிறுவனத்தின் சார்பில் தகுதி பெற்ற நபர் யார், வெளியிடப்பட்ட புகார்கள் உண்டா என்பவை அங்கே இருக்கும். 2025-இல் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் கொடுத்த எண், அவருடைய அட்டையில் இருந்த நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத வேறொரு பெயரைக் காட்டியது. கேட்டபோது, "அவர் என் கூட்டாளி, அவருடைய உரிமத்தில்தான் வேலை செய்கிறோம்" என்றார். கூட்டாளியோடு பேச வேண்டும் என்றேன். அதன்பிறகு அவர் வரவில்லை. அட்டை, உரிமம், ஒப்பந்தம், காசோலை நான்கிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும் என்பதை அன்றிலிருந்து பிடிவாதமாகக் கடைப்பிடிக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவிடும் வரி, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பற்றியது. வேலையாள் ஒருவர் நம் வீட்டில் ஏணியிலிருந்து விழுந்தால் அவருடைய மருத்துவச் செலவையும் இழந்த ஊதியத்தையும் அந்தக் காப்பீடு ஏற்கும். அது இல்லையென்றால் சுமை வீட்டுக்காரரை நோக்கி வரக்கூடும். பணியாளர் எவரும் இல்லாத ஒப்பந்ததாரர், சில பிரிவுகள் நீங்கலாக, அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். விலக்குப் பெற்றிருந்தால் அதுவும் அந்தப் பக்கத்தில் தெரியும். எங்களிடம் விலை சொன்ன ஒருவர் அப்படி விலக்குப் பெற்றவர். ஆனால் அளவெடுக்க வந்த அன்று அவரே, "என் ஆட்கள் நான்கு பேர், இடிப்பதை இரண்டே நாளில் முடித்துவிடுவார்கள்" என்று சொல்லியிருந்தார். அந்த நால்வரும் தனித்தனி உரிமம் உள்ள துணை ஒப்பந்ததாரர்களா, அப்படியானால் அவர்களுடைய எண்கள் என்ன என்று எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. என் வீட்டில் உடலுழைப்பைத் தருகிற ஒருவர் அடிபட்டால் அவருக்குச் சிகிச்சை கிடைக்க வழியிருக்க வேண்டும். அந்தப் பதில் வராமல் அவருக்கு வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உரிமத்தோடு வரும் ஈட்டுறுதிப் பத்திரத்தை (பாண்ட்) காப்பீடு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 2023 முதல் அதன் தொகை 25,000 டாலர். அது ஒரு வேலைக்கு உரியதன்று. அந்த ஒப்பந்ததாரரால் பாதிக்கப்பட்ட எல்லா வீட்டுக்காரர்களும், கூலி கிடைக்காத பணியாளர்களும் அதே தொகையிலிருந்துதான் பங்கு கேட்க முடியும். குழாயை உடைத்து வீட்டை வெள்ளக்காடாக்கினால் ஈடுகொடுக்கக்கூடிய பொதுப் பொறுப்புக் காப்பீட்டைப் பெரும்பாலான ஒப்பந்ததாரர்களிடம் கலிஃபோர்னியாவின் உரிமச் சட்டம் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்க வேண்டும். சான்றிதழின் நகலை ஒப்பந்ததாரர் கையிலிருந்து வாங்காமல், அவருடைய காப்பீட்டு முகவரிடமிருந்து நேராக நமக்கு அனுப்பச் சொல்வது நல்லது.

கடைசியில் மூன்று விலைப்பட்டியல்கள் கையில் இருந்தன: 29,800 டாலர், 37,200 டாலர், 41,500 டாலர். மிகக் குறைந்தது ஒரே பக்கம். 'குளியலறையை முழுவதும் புதுப்பித்தல்' என்று ஒரு வரி, கீழே தொகை. நடுவில் இருந்தது நான்கு பக்கம்; ஷவர் சுவரில் எந்தப் பலகை, அதன்மேல் எந்த நீர்காப்புப் படலம், பெர்மிட் கட்டணம் யாருடையது, இடிபாடுகளை அகற்றுவது யார், கதவுக்கு வண்ணம் பூசுவது இதில் சேருமா சேராதா என்று அனைத்தும் எழுதப்பட்டிருந்தன. குறைந்த விலை சொன்னவரிடம் அதே கேள்விகளை அனுப்பினேன். பெர்மிட் சேரவில்லை, நீர்காப்பு 'தேவைப்பட்டால்' என்று இருந்தது, டைலுக்கு அவர் ஒதுக்கியிருந்த தொகையில் கடையின் மிக மலிவான டைலைத்தான் வாங்க முடியும். இவற்றைச் சேர்த்தபோது அவருடைய விலை 35,900 டாலராக உயர்ந்தது. இந்த 'ஒதுக்கீடு' என்னும் இனத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்: இன்னும் தேர்ந்தெடுக்காத டைல், குழாய், விளக்கு ஆகியவற்றுக்கு உத்தேசமாக ஒரு தொகை போட்டிருப்பார்கள். அதைக் குறைத்துப் போட்டால் மொத்தம் குறைவாகத் தெரியும். கூடுதல் செலவு பின்னால் நம் தலையில் வந்து விழும்.

பேரம் பேசுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொத்தத் தொகையைக் காட்டி, "இதில் மூவாயிரம் குறையுங்கள்" என்று கேட்பது நம்மிடம் ஊறிய வழக்கம். ஒப்பந்ததாரர் ஒப்புக்கொண்டால் அந்த மூவாயிரம் எங்கிருந்து குறைகிறது என்று நமக்குத் தெரியாது. பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத பகுதியிலிருந்துதான் குறையும். விலை தாங்க முடியவில்லை என்றால் வேலையைக் குறைக்கச் சொல்வதே முறை. நாங்கள் புதிய ஜன்னலைக் கைவிட்டோம், பழைய கதவையே வைத்துக்கொண்டோம். நீர்காப்பைத் தொடவில்லை.

நான்கு பக்கம் எழுதியவரைத் தேர்ந்தெடுக்கும் முன், அவர் செய்த பழைய வேலைகளைப் பார்க்க வேண்டும் என்றேன். சென்ற மாதம் முடிந்த வீட்டைக் காட்ட முன்வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் முடித்த குளியலறை ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்த வீட்டு அம்மையார் எங்களை அன்போடு வரவேற்று, ஷவரின் மூலைகளைத் தாமே தொட்டுக் காட்டினார். வேலை நடந்தபோது சண்டை வந்ததா என்று கேட்டேன். "ஒருமுறை வந்தது, மறுநாள் காலையில் அவரே வந்து உட்கார்ந்து பேசினார்" என்றார். எனக்கு அந்தப் பதில் மற்ற எல்லாப் பாராட்டுகளையும்விட நம்பிக்கை தந்தது.

கலிஃபோர்னியாவில் வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தத்துக்கு முன்பணம், மொத்தத் தொகையில் பத்து விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பொருளுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்ற காரணம் சொன்னாலும் இதுவே எல்லை. வாரியத்திடம் இதற்கென்று தனியாக உறுதிப் பத்திரங்களைப் பதிவு செய்திருக்கும் சில நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. 37,200 டாலர் வேலைக்கு அவர் 1,000 டாலர் மட்டும் கேட்டபோது, 2017-இல் நான் எண்ணிக் கொடுத்த ஐயாயிரம் என் நினைவுக்கு வந்தது. அதன்பிறகான தவணைகளும் முடிந்த வேலைக்கும் வந்திறங்கிய பொருளுக்கும் முன்னால் ஓடக் கூடாது. எங்கள் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தவணைக்கும் நேரே டாலர் தொகையும் முடிந்திருக்க வேண்டிய கட்டமும் எழுதப்பட்டிருந்தன: இடிப்பும் புதுக் குழாயும் முடிந்து, பெர்மிட்டின்படி நகர ஆய்வாளர் வந்து பார்க்கும் முதற்கட்ட ஆய்வில் தேறியபின் இவ்வளவு, நீர்காப்புச் சோதனை தேறியபின் இவ்வளவு. கையெழுத்திட்ட பின் மூன்று வணிக நாட்களுக்குள் ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்து வணிக நாட்கள். வயதான பெற்றோர் பகலில் தனியே இருக்கும் வீடுகளில், வாசலில் வந்து பேசிக் கையெழுத்து வாங்கிப் போகிறவர்கள் இருப்பதால், இந்த ஐந்து நாள் கணக்கைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெர்மிட்டிலும் ஒரு கண்ணி உண்டு. விலை சொல்ல வந்தவர்களில் ஒருவர், "உங்கள் பெயரிலேயே பெர்மிட் எடுத்துவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்" என்றார். அப்படி எடுத்தால் சட்டத்தின் பார்வையில் வீட்டுக்காரரே கட்டுநர் ஆகிவிடுகிறார். விதிப்படி வேலை நடக்கவில்லை என்றால் விடை சொல்ல வேண்டியவர் அவரே. உரிமமில்லாதவர்கள் வந்து வேலை செய்தால் அவர்களுக்கு முதலாளியாகவும் அவர் கருதப்படலாம். ஒப்பந்ததாரர் தம் பெயரில் பெர்மிட் எடுக்கத் தயங்கினால் ஏன் என்று கேட்க வேண்டும்.

வேலை தொடங்கிய நாளில், இடிப்பதற்கு முன் குளியலறை வாசல் முழுவதையும் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி, விளிம்புகளை நாடாவால் ஒட்டினார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடுகளில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கக்கூடும் என்பதால், அத்தகைய வீடுகளில் வண்ணப் பூச்சைக் கலைக்கும் வேலையைச் சான்று பெற்ற நிறுவனங்களே, தூசு பரவாத முறையில் செய்ய வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சான்றையும் அவர் கேட்காமலே காட்டினார்.

இடித்தபின், சுவருக்குள் வீடு கட்டிய காலத்து இரும்புக் குழாய்கள் துருவடைத்துக் கிடந்தது தெரிந்தது. அவர் வேலையை நிறுத்தி, என்னை அழைத்துக் காட்டி, மாற்றுவதற்கு 1,850 டாலரும் இரண்டு நாட்களும் கூடுதலாக ஆகும் என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே குழாயில் கை வைத்தார். மாற்றம் எதுவாயினும், தொகையையும் நாளையும் குறிப்பிட்டு, வேலைக்கு முன்பே இருவரும் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. வாய்ப்பேச்சில் விட்ட மாற்றங்கள்தாம் வேலை முடிவில் மனக்கசப்பாக வந்து நிற்கின்றன. பழைய வீட்டைத் திறப்பவர் இதற்கென்று கையில் கொஞ்சம் பணத்தைத் தனியே வைத்திருப்பது அவசியம்.

சுவரை மூடும் முன் முதற்கட்ட ஆய்வு நடந்தது. மின்கம்பி மரச்சட்டத்தின் முகப்புக்கு மிக அருகே போகும் இடங்களில், பிற்காலத்தில் ஆணி அடித்தாலும் கம்பியில் படாதபடி சிறு எஃகுத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. நான் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடாவை நீட்டி வைத்துப் படமெடுத்துக்கொண்டேன். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று இனிச் சுவரை உடைக்காமலே சொல்ல முடியும்.

நீர்காப்புப் படலம் போட்டுக் காய்ந்தபின் நடந்ததை நான் மறக்கமாட்டேன். ஒப்பந்ததாரர் ஷவரின் வடிகாலை ரப்பர் அடைப்பானால் மூடி, வாசல் திட்டின் விளிம்பை ஒட்டும் வரை நீர் நிரப்பினார். நீர் அசைவற்று நின்றதும், அதன் மட்டத்தில் படலத்தின்மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, அருகில் நேரத்தை எழுதினார். "இதை யாரும் தொட வேண்டாம். நாளை மதியம் இன்ஸ்பெக்டர் வரும்போது நீர் இந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும்" என்றார். அன்றிரவு இரண்டு முறை எழுந்து கைவிளக்கோடு போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை என் மனைவியும் வந்தாள். இருவரும் குனிந்து கோட்டைப் பார்த்தோம். நீர் அங்கேயே நின்றது. மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் மூலைகளில் விளக்கடித்து, திட்டின் வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்து, கோட்டையும் நேரத்தையும் பார்த்து, பெர்மிட் அட்டையில் சுருக்கொப்பம் இட்டார். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் போனபின் என் மனைவி, "அன்றைக்கு இதை ஒருவர் பார்த்திருந்தால் போதுமே" என்றாள்.

நான்காவது வாரத்தில் ஒரு பதிவுத் தபால் வந்தது. நான் பெயரே கேள்விப்பட்டிராத டைல் விற்பனை நிறுவனம் ஒன்று, எங்கள் வீட்டு வேலைக்குப் பொருள் தந்திருப்பதாகவும், பணம் கிடைக்காவிட்டால் வீட்டின்மேல் பற்றுரிமை (நிலுவைத் தொகைக்கு வீட்டையே பிணையாக்கும் உரிமை) கோரக்கூடும் என்றும் எழுதியிருந்தது. முதல் முறை படிப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அது முன்னறிவிப்பு மட்டுமே. வீட்டுக்கு உழைப்போ பொருளோ தந்து பணம் கிடைக்காதவர் அந்த வீட்டின்மேல் பற்றுரிமை கோரலாம் என்பது கலிஃபோர்னியாவின் அரசியலமைப்பிலேயே உள்ள உரிமை. நம்மோடு நேரடி ஒப்பந்தம் இல்லாதவர் அதைக் காத்துக்கொள்ள, பொருள் தரத் தொடங்கிய இருபது நாட்களுக்குள் இப்படி எழுத வேண்டும். ஆகவே கடிதம் வருவது நல்லதே; நம் வேலைக்கு யார் யார் பொருள் தந்திருக்கிறார்கள் என்று அது நமக்குச் சொல்கிறது. ஒப்பந்ததாரருக்கு நாம் முழுப் பணத்தையும் கொடுத்திருந்தும் அவர் டைல் நிறுவனத்துக்குக் கொடுக்காமல் விட்டால், அதே டைலுக்கு நாம் இரண்டாவது முறை பணம் கட்ட நேரிடலாம் என்பதுதான் ஆபத்து.

அதற்கு மருந்து, அந்த உரிமையைக் கைவிடுவதாக எழுதித் தரும் பற்றுரிமை விடுவிப்புப் படிவம். சட்டமே நான்கு படிவங்களை வகுத்துத் தந்திருக்கிறது: தவணைக்கு இரண்டு, இறுதித் தொகைக்கு இரண்டு, ஒவ்வொன்றிலும் நிபந்தனையோடு ஒன்று, நிபந்தனையின்றி ஒன்று. காசோலையைக் கொடுக்கும்போது நிபந்தனையுள்ளதை வாங்க வேண்டும். பணம் அவர் கணக்கில் சேர்ந்ததும் நிபந்தனையற்றதை வாங்க வேண்டும். அந்தக் கடிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்து, கடிதம் எழுதிய ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் விடுவிப்பு வந்ததா என்று குறித்துக்கொண்டே வந்தேன். ஒப்பந்ததாரர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கடைசித் தவணையை, நகர ஆய்வாளர் இறுதி ஒப்பம் இட்ட பிறகும், டைல் நிறுவனத்தின் விடுவிப்பு கைக்கு வந்த பிறகுமே கொடுத்தேன். கலிஃபோர்னியாவில் கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு நான்கு ஆண்டுகளுக்குள்ளும், மறைந்திருக்கும் குறைகளுக்கு அதிகபட்சம் பத்து ஆண்டுகளுக்குள்ளும் வழக்குத் தொடர வேண்டும் என்பதால், கோப்பை 2035 வரை வைத்திருப்பதாக அதன் முகப்பில் எழுதியிருக்கிறேன்.

இப்போது சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள சுவரை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். முன்பு வந்தவர் அடுத்த கோடைவரை வேறு வேலைகளில் இருப்பதால், புதிதாக ஒருவர் சென்ற வாரம் வந்து பார்த்தார். இனிமையாகப் பேசினார், விலையும் நியாயமாகத் தெரிந்தது. இரவில் அவருடைய எண்ணை வாரியத்தின் பக்கத்தில் இட்டேன். உரிமம் செயலில் இருக்கிறது, பெயர் பொருந்துகிறது, தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. பிரிவு என்ற இடத்தில் 'பி-2' என்று இருந்தது. அந்தச் சுவர் கூரையின் பாரத்தைத் தாங்குகிறதா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வியாழக்கிழமை வந்து பார்க்கிறார். பொறியாளர் எழுதித் தரும் வரை காத்திருக்கும்படி இன்று காலை அந்த ஒப்பந்ததாரருக்குத் தகவல் அனுப்பினேன்.